செண்டுமல்லி விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி:
வணக்கம். ஈரோட்டில் மொட்டைமாடியில் பூச்செடிகள் வளர்க்கிறேன். தை மாதம் பூத்த செண்டுமல்லியில் வாடிய பூக்களைப் பறித்து, விதைகளை உதிர்த்து, ஒரு நாள் மட்டும் நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி வைத்தேன். ஆடிப்பட்டத்தில் ஐம்பது விதைகள் போட்டதில் நான்குதான் முளைத்தன. உறையிலும் பூசண வாடை அடிக்கிறது. அப்போதே எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்த காசித்தும்பை விதைகளோ நன்றாக முளைத்துவிட்டன. தவறு எங்கே நேர்ந்தது?

பதில் 1:
காசித்தும்பை முளைத்ததிலேயே பாதி விடை இருக்கிறது. காகிதம் ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் உள்ளேயே அடைத்துவிடும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதை சேமிப்பில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒரு வாரமாவது நிழலில் காய்ந்த பிறகே கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டும்.

மற்றப் பாதி, பறித்த பக்குவம். இதழ் வாடிவிட்டதாலேயே விதை முற்றிவிட்டதாகாது. இதழ்களுக்கு அடியில் விதைகளைப் பொதிந்திருக்கும் பச்சைக் கிண்ணம் பழுப்பாகி, காம்பும் சுருங்கும் வரை பூவைச் செடியிலேயே விட வேண்டும். (பூசைக்குப் பூப் பறிக்கும் வீட்டில் இது எளிதல்ல என்பதை அறிவேன்.) மீதமுள்ள விதைகளின் கறுப்புப் பகுதி தடித்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா? பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். உயிருள்ளவை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைவிடும்.

கேட்டவர்:
பாதிக்கு மேல் தட்டையான பதர்தான். செடி, நாற்றுப்பண்ணையில் வாங்கிய அடுக்கு மஞ்சள் செண்டு.

பதில் 2:
செண்டுமல்லியில் ஒரு பூவாகத் தெரிவது பல சிறு பூக்களின் கொத்து. அடுக்குப் பூக்களில் மகரந்தம் தரும் நடுப்பூக்கள் குறைவு. வெளி இதழ்ப் பூக்கள் பெண்பூக்கள் மட்டுமே என்பதால், தேனீக்கள் வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவராவிட்டால் பதரே மிஞ்சும். மேலும் அது வீரிய ஒட்டுரகமாக (இரு வகைகளைக் கலந்து உருவாக்கியதாக) இருந்தால், முளைத்த நான்கும் தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. விதைக்கென்றால் நாட்டுச் செண்டுதான் நல்லது.

கேட்டவர்:
ஈரத்துணியில் வைத்த பத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. எஞ்சியவற்றை உரக்குழியில் கொட்டிவிட்டேன். அத்தை வீட்டு நாட்டுச் செண்டில் மூன்று பூக்களுக்கு, யாரும் பறித்துவிடாதபடி, சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.