ஐப்பசி மழைக்கு முன்னால் (எங்கள் ‘கடையும் வீடும்’ குழுவிலிருந்து)

பெரியப்பா: நம் மருந்துக் கடை சர்வரின் காப்பியை வெளியே வைக்க கிண்டி, மும்பை, ஹைதராபாத் கம்பெனிகள் தந்த மூன்று கொட்டேஷனையும் பார்த்தேன். கிண்டிக்காரர் மற்றவர்களை விடப் பாதி விலைதான் கேட்கிறார். கூப்பிட்ட உடனே ஆள் வந்துவிடும். அவரையே முடித்துவிடலாமா?

நான்: வேண்டாம் பெரியப்பா. நம் கடை வேளச்சேரி, அவர்கள் டேட்டா சென்டர் கிண்டி. 2015 டிசம்பரிலும் சரி, 2023 மிக்ஜாமிலும் சரி, இரண்டு பக்கமும் ஒரே மழையில்தானே மாட்டின. அவர்களிடம் ஜெனரேட்டர் இருக்கும், ஆனால் டீசல் வண்டி வர ரோடு வேண்டும். நமக்குத் தண்ணீர் வருகிற நாளில் நம் டேட்டா இருக்கும் ஊரில் வெயில் அடிக்க வேண்டும்.

அப்பா: மிக்ஜாம் மறக்குமா? ஷட்டரைத் தூக்கியதும் முதலில் சர்வர் பெட்டியைத்தான் கழற்றினேன். மதர்போர்டில் பாதி உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது. சாய்த்ததும் தண்ணீர் கொட்டியது.

அண்ணி: ஒன்பது நாள் கார்பன் பில் புக்கில் எழுதினோம் மாமா. எந்த மருந்து, எந்த பேட்ச், எப்போது எக்ஸ்பைரி என்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பிரித்துப் பார்த்தோம். இன்சுலின் கேட்டு வந்த மெடிக்கல்காரரிடம் எத்தனை இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அண்ணன்: அப்படியென்றால் நேராக அமேசானின் வாடகை சர்வருக்கே போய்விடலாமே? பெரிய கம்பெனி, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நான்: அவர்களுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் இடம் இருக்கிறது அண்ணா. ஆனால் மும்பையில் வைத்தது தானாக ஹைதராபாத்துக்குப் போகாது. நாம் கேட்டு, காசு கட்டி, அமைத்தால்தான் போகும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. சின்ன கம்பெனி இல்லை. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போனது.

அப்பா: நம் டிராயர் மாதிரியேதான்.

நான்: ஆமாம் அப்பா. அதனால்தான் மும்பைக்காரரிடம் இரண்டாவது காப்பி எங்கே இருக்கும் என்று கேட்டேன். “அதே பில்டிங், வேறு ரேக்” என்றார்.

அண்ணி: ஆடிட்டரும் ஒன்று நினைவுபடுத்தினார். நம்முடையது பிரைவேட் லிமிடெட் என்பதால், கம்பெனி கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டுமாம். வெளிநாட்டில் மட்டும் வைப்பதாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

நான்: பெரியப்பா, உங்களிடம் இரண்டு கேள்வி. எவ்வளவு நேரத்து என்ட்ரி போனால் தாங்குவோம்? எத்தனை மணி நேரத்தில் மறுபடி பில் போட்டாக வேண்டும்?

பெரியப்பா: ஒரு மணி நேரத்து பில் போனால் கையால் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் குழப்பம். காலையில் சிஸ்டம் போனால் மதியம் டெலிவரி வண்டி கிளம்பும்முன் வந்துவிட வேண்டும். 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்.

நான்: இதை அப்படியே எழுத்தில் தர ஹைதராபாத்காரர் மட்டும்தான் ஒப்புக்கொள்கிறார். மூன்று பேருமே சர்வர் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் வரை நின்றாலும் அது கணக்குக்குள்தான். அதைத் தாண்டினால் வாடகையில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான். டேட்டா திரும்பி வரும் என்று அந்த வரியில் எங்கும் இல்லை.

அப்புறம் வைரஸ் விஷயம். கடை சர்வரின் ஃபைல்களை யாராவது வைரஸ் விட்டுத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டால், பூட்டிய ஃபைலே அடுத்த மணி நேரக் காப்பியாக அங்கேயும் போய் உட்காரும். அதனால் 30 நாள் பழைய காப்பிகள், யாராலும் அழிக்க முடியாதபடி, வேறு பாஸ்வேர்டில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அத்தை (திருச்சி): கண்ணு, எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் மிக்ஜாம் சமயத்தில் இரண்டு நாள் உங்கள் யாருக்குமே போன் போகவில்லை. நான் இங்கே தவித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற ஓடிபி யார் போனுக்கு வரும்?

நான்: அத்தை, இதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது அப்பா நம்பர் மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். உங்கள் நம்பரையும் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஓடிபி உங்களுக்குத்தான் வரும், போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு

நான்: 10.05. கடை சர்வரை ஆஃப் செய்துவிட்டேன். ஹைதராபாத்துக்குச் சொல்லியாச்சு.

அத்தை (திருச்சி): நம்பர் வந்தது. அண்ணிக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

அண்ணி: 12.40. வீட்டு லேப்டாப்பில், மொபைல் நெட்டில் உள்ளே போய்விட்டேன்! நேற்று இரவு கடைசி பில் 4417. இங்கேயும் 4417. பேட்ச், எக்ஸ்பைரி எல்லாம் சரி. ஆனால் மெடிக்கல் கடைக்காரர்களின் மருந்து விற்பனை லைசென்ஸ் ஸ்கேன் வைத்திருக்கும் ஃபோல்டரைக் காணோம்.

நான்: அது டி டிரைவில் இருக்கிறது அண்ணி. நான் கொடுத்த பட்டியலில் சி டிரைவ் மட்டும்தான். என் தவறு. இப்போதே சேர்க்கச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடி பார்ப்போம்.

பெரியப்பா: அதுவும் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை தினமும் ராத்திரி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து என் வீட்டு மாடிக்கு வந்தாக வேண்டும். டிராயரில் வைக்கக் கூடாது.

அப்பா: சரி அண்ணா. இன்று ராத்திரி நானே கொண்டு வருகிறேன்.