மலை ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர் ஸ்லிப் ஆகிறது: ஆயில் மாற்றலாமா, கியர்பாக்ஸை இறக்கணுமா?

ஏற்காட்டுப்பாதை:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய செடான், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள ஆட்டோமேட்டிக், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் 4000-க்குத் தாவுகிறது. வண்டி மட்டும் அதே வேகத்தில்தான் போகிறது. சமதரையில் இரண்டிலிருந்து மூன்றாவது கியர் மாறும்போது மட்டும் லேசாகத் தெரிகிறது. கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்யணும் என்கிறது ஒரு ஒர்க்‌ஷாப். ஆயில் மாற்றினாலே போதும் என்கிறார் இன்னொருவர். பழைய ஓனர் ஆயில் மாற்றியதற்கு பில் எதுவும் இல்லை. என்ன செய்வது?

பட்டறைக்காரர்:
தம்பி, ஆயிலைத் தொடாதீங்க. லட்சம் கி.மீ. வரை ஆயிலே மாற்றாத கியர்பெட்டியில், கிளட்ச் பிளேட் தேய்ந்த பொடி ஆயிலோடு கலந்து கிடக்கும். அந்தப் பொடி கொடுக்கும் பிடிப்பில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. புது ஆயில் போனால் உள்ளே படிந்த அழுக்கெல்லாம் கிளம்பி, ஆயிலை ஒவ்வொரு கியருக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் பொடித்துளைகளில் போய் அடைக்கும். தானாக ஓடி வந்த வண்டி, ஆயில் மாற்றிய அன்றைக்கே ரிவர்ஸ் விழாமல் நின்றதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன்.

கோவை கியர்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சை நம்பித்தான் பல பேர் ஆயிலே மாற்றாமல் ஓட்டிப் பெட்டியைக் கொல்கிறார்கள். பிளேட் பொடி ஆயிலில் மிதக்கிறது என்றால், பிளேட் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது ஆயிலா அதைத் தேய்த்தது? ஆயில் மாற்றிய பிறகு நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல், ஸ்லிப் ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாகக் கொண்டுவந்தவையாகத்தான் இருக்கும். கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் நிறுவனமே, ஆயுளுக்கும் போதும் என்று சொல்லி நிரப்பிய ஆயிலையும் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

மலைவண்டி டிரைவர்:
நடுவில் ஒரு வார்த்தை. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் அமைப்பு) வண்டியையும் எல்லாரும் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறார்கள். அதில் இருப்பது சாதாரண மேனுவல் கிளட்ச்தான். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் பிளேட் கருகி, இதே மாதிரி ஆர்பிஎம் மட்டும் ஏறும். அதற்கு கிளட்ச் செட் மாற்றணும், இந்த ஆயில் பேச்சே தேவையில்லை. இவர் வண்டி டார்க் கன்வெர்ட்டர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொன்று: இன்ஜின் இழுக்காத வண்டியில் ஆர்பிஎம்மும் ஏறாது, வேகமும் ஏறாது. இங்கே முள் ஏறுகிறது. கோளாறு கியர்பாக்ஸ் பக்கம்தான்.

கோவை கியர்:
சரியாகச் சொன்னீர்கள். ஏற்காட்டுப்பாதை, கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் இருந்தால் முதலில் அளவைப் பாருங்கள். வண்டி சூடாக, சமதரையில், பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒரு முறை போட்டுவிட்டு பி-யில் (பார்க்) நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பார்க்கணும். சில ஹோண்டா வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகு பார்ப்பதுதான் முறை, அதனால் மேனுவலைப் புரட்டிவிடுங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. காபி நிறத்தில், தீய்ந்த வாடையோடு இருந்தால் உள்ளே சூடு ஏறியிருக்கிறது.

ஏற்காட்டுப்பாதை:
பார்த்துவிட்டேன். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. நிறம் அடர் பழுப்பு, லேசாகத் தீய்ந்த வாடை. கியர் ஆயில் கூலருக்குப் போகும் பைப் ஜாயின்ட்டில் ஈரம் இருக்கிறது.

கோவை கியர்:
அளவு குறைந்தால் பிரஷர் விழும். பிரஷர் விழுந்தால் பிளேட் இறுகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் இன்னும் கெடும். மலையில் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்: வண்டி சாயும்போது இருக்கிற கொஞ்ச ஆயிலும் பம்ப் உறிஞ்சும் இடத்தை விட்டு ஒதுங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் ஓவர்ஹால் பேசுவது நியாயமே இல்லை.

பட்டறைக்காரர்:
ஒழுகல் இருந்தால் அடைக்கணும், அளவை நிரப்பணும். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் பயப்படுவது மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் தள்ளி வெளியேற்றும் ஃப்ளஷுக்குத்தான். அப்புறம் இரண்டு-மூன்று மாறும்போது மட்டும் வழுக்குகிறது என்கிறாரே, அதையும் கவனிக்கணும். அளவு மட்டும்தான் குறை என்றால் எல்லா கியரிலும் தெரியணும். ஒரே மாற்றத்தில் தெரிந்தால் அந்த கியரின் கிளட்ச் பேக் (கிளட்ச் பிளேட் அடுக்கு) அல்லது சாலினாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வு)தான் கோளாறு. அதை ஆயில் திரும்பக் கொண்டுவராது. நாளைக்கு வண்டி நின்றால், கடைசியாகக் கை வைத்தவன்தான் கெடுத்தான் என்று ஊரே சொல்லும்.

கோவை கியர்:
ஃப்ளஷ் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். பான் எனும் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, வடிந்ததை வடித்து, ஃபில்டர் மாற்றி, அதே அளவு ஊற்றினால் போதும். கன்வெர்ட்டரில் நிற்பது வராது. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் மாறும், அதுவே மென்மையான வழி. சாலினாய்டு விஷயத்தில்தான் உங்களோடு வாதாடுவேன். சாலினாய்டு கோளாறு என்றால் பெட்டியை இறக்கவே வேண்டாமே? பல வண்டிகளில் பான் வழியாகவே மாற்றலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0730 மாதிரி கியர் விகிதம் தப்பு என்ற கோட் வருகிறதா, சாலினாய்டு கோட் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓவர்ஹால் விலை சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்கிற அநியாயம்.

பட்டறைக்காரர்:
ஸ்கேனர் போடட்டும். ஆனால் கோட் எதுவும் வராமலேயே பிளேட் போன பெட்டிகள் உண்டு. ஸ்கேனரை விட நான் நம்புவது பானுக்குள் இருக்கும் காந்தத்தைத்தான். அதில் மை போலச் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தால் அது வயசுத் தேய்மானம். விரலில் உறுத்தும் மினுமினுப்புச் செதிலோ, அடியில் கறுப்புத் துணுக்குகளோ இருந்தால் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு.

கோவை கியர்:
அப்படிச் செதில் கிடந்தால் நானும் இறக்கத்தான் சொல்வேன். இல்லையென்றால், வண்டிக்கு என்ன ஸ்பெக் சொல்லியிருக்கிறதோ அதே ஆயில். பொதுவான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) எல்லாவற்றுக்கும் சேரும் என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஏற்காட்டுப்பாதை:
நாளை பைப் ஜாயின்ட்டைச் சரிசெய்து, பானை என் கண் முன்னாலேயே கழற்றச் சொல்கிறேன். அதுவரை மலைக்குப் போவதில்லை. கடைக்கு டோ செய்து போகலாமா?

மலைவண்டி டிரைவர்:
கயிறு கட்டி இழுக்காதீங்க. இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் போகாது. ஃப்ளாட்பெட்டில் ஏற்றுங்க.

பட்டறைக்காரர்:
காந்தத்தைத் துடைப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து இங்கே போடுங்க, தம்பி. பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.