சார்லி ஹேடனின் டபுள் பேஸ்: முதலில் கேட்ட இடம், பிறகு புரிந்த விதம்

டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை, சுருக்கமாகப் பேஸை, வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி ஹேடனை முதன்முதலில் கேட்டபோது, அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ இசைத்தட்டைச் சாக்ஸஃபோனுக்காக வாங்கியிருந்தேன். 1959 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் பதிவான அந்தத் தட்டின் முதல் உருப்படி ‘லோன்லி வுமன்’. ஊதுவாத்தியங்கள் இரண்டும் இன்னும் தொடங்கவில்லை. பில்லி ஹிக்கின்ஸ் சிம்பலில் விரைந்து ஓடிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே ஒரு பேஸ், அந்த ஓட்டத்தைச் சட்டைசெய்யாமல், இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டியபடி சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தம்புராவைப் போல ஒன்றை அடியில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து வைத்துக் கேட்டேன். இரண்டாம் முறை சாக்ஸஃபோன் என் காதில் விழவேயில்லை.

அதன் பிறகுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1937 ஆகஸ்ட் 6 அன்று அயோவா மாநிலத்தின் ஷெனன்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பமே ஒரு பாட்டுக் குழு. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா அனைவரும் வானொலியில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிவந்தார்கள். இரண்டு வயது நிறைவதற்கு முன்பே அந்த நிகழ்ச்சியில் குழந்தை சார்லியும் பாடத் தொடங்கிவிட்டார். 15 வயதில் போலியோ தாக்கியது. கால்களைத் தாக்கியிருந்தால் அவர் பாடகராகவே இருந்திருக்கக்கூடும். அது தொண்டையையும் முகத்தையும் தாக்கியது, பாட்டு நின்றுபோனது. அதற்குள் அண்ணன் வீட்டில் வைத்திருந்த டபுள் பேஸின் மீது அவருக்கு ஆசை வந்திருந்தது. 1957-இல் படிப்பதற்காக லாஸ் ஏஞ்சலஸ் வந்தார், இரண்டே ஆண்டுகளில் நான் மேலே சொன்ன இசைத்தட்டில் இருந்தார்.

பாடகராக வளர்ந்த ஒருவர் குரலை இழந்து இந்த வாத்தியத்துக்கு வந்தார் என்று தெரிந்துகொண்ட பிறகு, அவருடைய வாசிப்பில் சுரங்கள் ஏன் இவ்வளவு குறைவு, ஒவ்வொன்றும் ஏன் மூச்சு முடியும்வரை நீள்கிறது என்பது எனக்கு விளங்கியது போல் இருந்தது. விளங்கியது சரிதானா என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் அவரை எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள்?

* * *

நண்பரின் தம்புரா ஒப்பீட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தம்புரா யாருக்காகவும் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. கோல்மனோ, முன்கூட்டியே தீர்மானித்த ஒத்திசைவு வரிசைக்குள் அடங்காமல், தோன்றிய இடத்துக்கெல்லாம் பாட்டை இழுத்துச் செல்பவர். அவர் எந்தச் சுரத்தில் இறங்கப்போகிறார் என்பதை அந்தக் கணத்திலேயே கேட்டு, அங்கே ஒரு தரையைப் போட்டுக் கொடுப்பதுதான் ஹேடனின் வேலையாக இருந்தது. அடிச்சுரம் அசையாமல் நிற்பது போல் தோன்றும் இடங்களிலும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

நான் நடுவயதில் டபுள் பேஸ் கற்கத் தொடங்கியவன். வாடகைக்கு எடுத்த வாத்தியம் என்னைவிட உயரமானது. கிட்டாரைப் போல விரல் நுனியால் தட்டினால் அது முனகுமே தவிரப் பேசாது. வலது கை ஆள்காட்டி விரலைச் சாய்த்து, அதன் பக்கவாட்டுச் சதை முழுவதையும் தந்தியின் மீது வைத்து, கையின் எடையோடு இழுத்து விட வேண்டும். முதல் வாரத்தில் கொப்புளம், இரண்டாம் வாரத்தில் அது உடைந்து இரத்தம், மூன்றாம் வாரத்தில் தோல் காய்த்தது. ஹேடன் மேல் இரண்டு தந்திகளுக்கு எஃகுக்குப் பதிலாகக் குடல் தந்தியையே விரும்பினார் என்று படித்துவிட்டு நானும் வாங்கி மாட்டினேன். மழைக்காலம். மாலையில் கூட்டிய சுருதி இரவுச் சாப்பாட்டுக்குள் இறங்கிப்போயிருந்தது. ஆனால் ஒலியைப் பற்றிக் குறைசொல்ல முடியாது: எஃகுத் தந்தி நீளமாக மின்னுகிறது என்றால், குடல் தந்தி ஒரு முறை தடித்து எழும்பி, மரத்துக்குள் மெல்ல அடங்குகிறது.

கோல்மன் குழு அதே 1959-இன் அக்டோபரில் பதிவுசெய்த ‘ரேம்ப்ளின்’ என்ற உருப்படியில் ஹேடனின் தனி ஆவர்த்தனம் ஒன்று உண்டு. அதைக் காதால் கேட்டு எழுதி எடுக்க எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. எழுதி முடித்ததும் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏனென்றால் என் விரல்களுக்கு எட்டாத சுரம் அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ என்ற பழைய நாட்டுப்புற மெட்டையே அவர் அதில் நுழைத்திருக்கிறார், நாட்டுப்புறக் கிட்டார்காரர் போலத் தந்திகளைச் சேர்த்துத் தட்டி மீட்டுகிறார். அடுத்த மாதமே நியூயார்க்கின் விமர்சகர்களும் இசைக்கலைஞர்களும் ‘இது இசைதானா’ என்று சண்டையிடவிருந்த ஒரு குழுவின் நடுவே நின்றுகொண்டு, இளைஞர் ஒருவர் தன் வீட்டுப் பாட்டை வாசித்திருக்கிறார். இது எனக்கு எந்த வேகமான விரல் வித்தையைக் காட்டிலும் துணிச்சலாகப் படுகிறது.

அந்தச் சண்டை நடந்த இடம் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் என்ற இசை விடுதி. 1959 நவம்பரில் அங்கே கோல்மன் குழு வாசிக்கத் தொடங்கியது. ஹேடன் பின்னாளில் பல பேட்டிகளில் சொன்ன நிகழ்ச்சி இது: வழக்கம்போலக் கண்களை மூடி வாசித்துக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தபோது, மேடையருகே வந்த ஒருவர் பேஸின் ஒலித்துளையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் ஹேடனைக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். டபுள் பேஸின் கீழ்த் தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்; அந்தச் சின்னத் துளையால் அதைத் தர இயலாது.

* * *

இசை குறித்து இவ்வளவு நுட்பமாக எழுத எனக்குத் தெரியாது. நான் லிஸ்பனில் வேலை பார்த்த நாள்களில், ஓய்வுபெற்ற ஒரு போர்த்துகீசியர் எனக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த இசைத்தட்டு உறை ஒன்றைப் பற்றி ஒருநாள் கேட்டேன். கடலோரம் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கஷ்கைஸ் நகரின் பெயரை ஒருமுறை சொல்லி நிறுத்தி, பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை நான் பின்னர் நூல்களிலும் சரிபார்த்துக்கொண்டேன்.

1971 நவம்பரில் அங்கே நடந்த ஜாஸ் விழாவில் கோல்மன் குழு வாசித்தது. போர்ச்சுகல் அப்போது சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தது. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் ஆகிய ஆப்பிரிக்கக் காலனிகளில் விடுதலைப் போராட்டத்தை ஒடுக்கப் போர் நடத்திக்கொண்டிருந்தது. சே குவேராவுக்காகத் தாம் இயற்றிய ‘சாங் ஃபார் சே’ என்ற உருப்படியை வாசிப்பதற்கு முன், அதை அந்த மூன்று நாடுகளின் கறுப்பின விடுதலை இயக்கங்களுக்கு அர்ப்பணிப்பதாக ஹேடன் ஒலிவாங்கியில் அறிவித்தார். கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் இசையே கேட்கவில்லை என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அப்போது இருபது வயது, கட்டாய ராணுவ அழைப்பை எதிர்பார்த்திருந்தவர். மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் ரகசியக் காவல்துறையினர் ஹேடனைப் பிடித்துச் சென்று விசாரித்தனர். அமெரிக்கத் தூதரகத்தின் பண்பாட்டு அதிகாரி தலையிட்ட பின்பே விடுவித்தனர். 1974 ஏப்ரலில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1976-இல் வெளிவந்த தம் இருவர் கச்சேரித் தட்டில் ஹேடன் ‘ஃபார் எ ஃப்ரீ போர்ச்சுகல்’ என்று ஓர் உருப்படியே வைத்தார்.

இசைக்கலைஞர் அரசியல் பேசலாமா என்ற பழைய கேள்விக்குள் நான் போகவில்லை. அந்த வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது ‘பேஸ் வாசிப்பவர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவேயில்லை, ‘அந்தப் பையன்’ என்றே கடைசிவரை சொன்னார் என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

* * *

தொடங்கியவன் என்ற முறையில் மீண்டும் எழுதுகிறேன். தம்புராவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஹேடனின் வாழ்க்கை வெற்றிப் பட்டியல் மட்டுமன்று. ஹெராயின் பழக்கத்தால் 1960களின் தொடக்கத்தில் இசையிலிருந்தே விலகி, மறுவாழ்வு இல்லத்தில் இருந்து மீண்டவர். பின்னாளில் காதிரைச்சலும், சிறு ஒலிகூடத் தாங்க முடியாத செவிக் கோளாறும் வந்தன. தாளவாத்தியத்தின் ஒலி நேராக வந்து மோதாதபடி ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசித்தார். இந்தப் பின்காலத்தில் அவர் நடத்திய ‘குவார்டெட் வெஸ்ட்’ குழுவின் தட்டுகள் எனக்குச் சற்றே திகட்டுகின்றன, 1940களின் ஹாலிவுட் ஏக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றியிருக்கிறார் என்று தோன்றும். அதே காலத்தில் பியானோ கலைஞர் ஹாங்க் ஜோன்ஸுடன் தேவாலயப் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல்களையும் வாசித்த ‘ஸ்டீல் அவே’ தட்டில் அந்தக் குறை இல்லை.

2014 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில், தம் 76-ஆம் வயதில் அவர் காலமானார். சிறுவயதில் விட்டுப்போன போலியோ பின்விளைவுகளாகத் திரும்பி வந்து, கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியிருந்தது.

நண்பர் குறிப்பிட்ட ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ 2008-இல் வெளிவந்த ‘ரேம்ப்ளிங் பாய்’ தட்டிலும் இருக்கிறது. பாடகிகளான மூன்று மகள்களும் மகனும் சேர்ந்து பாட, தாம் பிறந்து வளர்ந்த நாட்டுப்புற இசைக்கே அவர் திரும்பிய தட்டு அது. அதன் கடைசி இரண்டு உருப்படிகளைத் தொடர்ந்து கேளுங்கள். முதலாவது 1939-இன் வானொலிப் பதிவு: கரகரக்கும் ஒலிக்கிடையே அப்பா அறிமுகப்படுத்த, குழந்தை சார்லி பாடுகிறார். அது முடிந்ததும் அடுத்தது ‘ஓ ஷெனன்டோ’. பாடுபவர் எழுபது வயதுக்காரர். குரல் மெல்லியது, மேலே போகும்போது சற்று நடுங்குகிறது, ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் மூச்சு தீரும்வரை விடாமல் பிடித்திருக்கிறார்.