ஜீரோ எனர்ஜி கட்டடத்தில் மீட்டர் பார்த்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எனர்ஜி ஆடிட், அதாவது கட்டடத்தில் கரண்ட் எங்கே, எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பது, என் தொழில். கோவைப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம், மாடியில் 100 கிலோவாட் சோலார். 2021இல் மொத்தம் செலவான கரண்டும் பேனல் கொடுத்த கரண்டும் சரிக்குச் சரியாக வந்ததால், ஜீரோ எனர்ஜி கட்டடம் என்று வாசலில் பலகையே வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கணக்கு இடித்தது. பேனல்தான் சரியில்லை என்று அதைப் போட்டுக் கொடுத்தவரோடு நிர்வாகத்துக்குத் தகராறு.

பேனலைத்தான் முதலில் பார்த்தேன். வெயிலை அளக்கும் சென்சார் வைத்து ஒப்பிட்டதில் குறை எதுவும் இல்லை. நம் பக்கம் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரி 4 யூனிட் என்று வைத்தால் வருஷத்துக்கு 1.46 லட்சம் யூனிட். அது வந்துகொண்டுதான் இருந்தது. மாறியது ஆள் எண்ணிக்கை. 2021இல் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கிறார்கள். காலியாகக் கிடந்த கட்டடத்தின் கணக்கை வைத்து ஜீரோ என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ., ஜீரோ எனர்ஜி கட்டடங்களுக்குத் தரும் ஷூன்யா லேபிள்கூட, சோலார் போக நிகரச் செலவு ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 10 யூனிட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அதோடு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பதையும் குறித்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக வைத்த சப் மீட்டர்கள். எல்லாவற்றையும் கூட்டினால் மெயின் மீட்டரைவிட அதிகம் வந்தது! பம்ப் லைனில் மாட்டியிருந்த சி.டி. (பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 100 ஆம்பியரை 5 ஆக்கும் 100/5, மீட்டரில் பதிந்திருந்தது 200/5. ஆரம்பத்திலிருந்தே அந்த லைன் இரண்டு மடங்கு காட்டியிருக்கிறது. யாரும் ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

அதைச் சரிசெய்த பிறகு, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தோம். நடுராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, எப்போது பார்த்தாலும் 6 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. யுபிஎஸ், சர்வர் அறை ஏசி, டைமரைத் தாண்டி நேராக ஓடவிட்ட எக்ஸாஸ்ட் ஃபேன், அணைக்காத மானிட்டர்கள். வருஷத்துக்கு 52,560 யூனிட்! சோலார் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வருஷ மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

மறுமொழி 1
அண்ணா, நான் சிங்கப்பூரில் ஏசி கன்ட்ரோல் வேலையில் இருக்கிறேன். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்.டி.இ.4 என்ற ஜீரோ எனர்ஜி கட்டடத்தில், வெளிக்காற்றை வழக்கம்போல் ரொம்பக் குளிர்விக்காமல் உள்ளே விட்டு, சீலிங் ஃபேனால் சமாளிக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு எங்கள் அலுவலகத்தில் ஏசியை 27 டிகிரிக்கு ஏற்றினார்கள். ஃபேன் மட்டும் மாட்டவில்லை. ஆளாளுக்கு மேசை ஃபேன் கொண்டுவந்துவிட்டார்கள். ஏசி லைனில் குறைந்ததில் ஒரு பகுதி பிளக் பாயின்ட் லைனில் ஏறியது. தனித்தனி மீட்டர் இருந்ததால் தெரிந்தது. உட்கார்ந்திருப்பவருக்குப் புழுங்குகிறதா என்று கேட்டு அதையும் பதிவு செய்யாமல் யூனிட்டை மட்டும் எழுதுவது பாதி வேலைதான்.

மறுமொழி 2
டெல்லியில் இருக்கிறேன் சார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் மாதிரியே தங்களுடையதும் ஜீரோ எனர்ஜி கட்டடம் என்று இங்கே ஒரு பள்ளியில் சொன்னார்கள். 2014இல் திறந்த அந்தக் கட்டடத்தில் முதலில் தேவையைக் குறைத்துவிட்டு, அதன்மேல்தான் 930 கிலோவாட் பேனல் போட்டார்கள். பள்ளியின் கணக்கு வேறு மாதிரி. ஒரு மாதம் பேனல் தந்தது 5,000 யூனிட், வெளியிலிருந்து எடுத்தது 3,000. 2,000 மிச்சம் என்றார்கள். வெளியிலிருந்து எடுப்பதையும் வெளியே அனுப்புவதையும் காட்டும் நெட் மீட்டரில் ஏற்றுமதி 2,000 என்று இருந்ததும் அவர்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது. பேனல் தந்ததில் 3,000 உள்ளேயே செலவாகிவிட்டதே! எடுத்தது 3,000, பேனல் 5,000, இரண்டையும் கூட்டி, வெளியே போன 2,000ஐக் கழித்தால் உண்மைச் செலவு 6,000. ஆயிரம் யூனிட் பற்றாக்குறை. எழுதிக் காட்டியதும் தலைமையாசிரியை உடனே புரிந்துகொண்டார். இப்போது மூன்று ரீடிங்கையும் மாதாமாதம் மாணவர்களே குறிக்கிறார்கள்.