டயாலிசிஸில் கால் குடைச்சல்: உங்களுக்கு எப்படி?

தஞ்சாவூரான்
அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட். மூன்றாவது மணி நேரம் தொடங்கினால் கால் நிற்காது, போர்வைக்குள் பாதத்தோடு பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கையில் ரெண்டு ஊசியும் இருக்கும்போதே, "ஒரு நிமிஷம் நடக்க விடுங்கடா" என்று காலைக் கீழே போட்டுவிட்டார். ட்யூப் இழுபட்டு மெஷின் கத்தியது. டெக்னீஷியன் ஓடி வந்து கையை அமுக்கிப் பிடித்து, "பெரியவரே, சும்மா படுங்க" என்றார். அப்பா அழுதுவிட்டார். படுக்க முடிந்தால் படுக்க மாட்டாரா?

நொய்யல்
அது கிராம்ப்தான், தசைப்பிடிப்பு. தண்ணீர் அதிகமாக எடுத்தால் எனக்கும் வரும். கொஞ்சம் சலைன் விட்டால் சரியாகிவிடும்.

கடைசி ஷிஃப்ட்
நொய்யல், இல்லை. கிராம்ப் என்றால் கெண்டைக்கால் இறுகி உயிர் போகும். இதில் தசை இறுகாது. உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும், பொழுது சாய்ந்தால் கூடும். எனக்கு ரெண்டும் உண்டு. அரிப்புக்கு அவில் ஊசி போட்ட அன்றெல்லாம் குடைச்சல் இன்னும் மோசம். கண் சொருகும், கால் தூங்க விடாது. டாக்டரிடம் சொல்லி மாற்றினேன். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இப்படிச் செய்யும்.

சேலத்து அக்கா
என் வீட்டுக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு போய்விட்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் தம்பி, ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஃபெரிட்டினும் டி-சாட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரெண்டும் உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள். இரும்புச் சத்து குறைந்தால் மூளையில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை கெட்டு இந்தத் தொல்லை கூடும். குறைவு என்றால் டயாலிசிஸ் நடக்கும்போதே ஊசியாக ஏற்றிவிடலாம். குடைச்சலுக்குக் கபாபென்டின் என்ற நரம்பு மாத்திரை எழுதினால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது சிறுநீரில்தான் வெளியேறும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் 100 மில்லிகிராம், அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடையில் தானாக வாங்கித் தினமும் 300 போட்ட ஒருவர், பேச்சுக் குழறி நடையில் தள்ளாடியதைப் பக்கத்துப் படுக்கையில் பார்த்தேன். சாயங்காலக் காபியையும் நிறுத்துங்கள்.

நொய்யல்
சரி, ஆளாளுக்கு ஒரு மாதிரி. எனக்குச் சலைனில் சரியானது, அதைத்தான் சொன்னேன்.

தஞ்சாவூரான்
ஃபெரிட்டின் எடுத்ததே இல்லை அக்கா, அடுத்த ரவுண்ட்ஸில் கேட்கிறேன். அரிப்புக்கு இவருக்கும் அவில்தான் போடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். காபியை மட்டும் நீங்களே வந்து சொல்லுங்கள். நான் சொன்னால் டயாலிசிஸுக்கே வர மாட்டேன் என்பார்.