42 டிகிரியில் மார்க்சியானஸ் ஈஸ்ட் பாதியில் நின்றுவிடுகிறது, சர்க்கரை மிச்சம்

பாகு_லேப்: வணக்கம். 20 லிட்டர் ஃபெர்மென்டர், உள்ளே 14 லிட்டர் வாஷ் (நொதிக்க வைக்கும் கரைசல்). மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) நீர்த்து, நொதிக்கக்கூடிய சர்க்கரையை லிட்டருக்கு 160 கிராமில் வைத்திருக்கிறோம். ஈஸ்ட் க்ளுய்வெரோமைசஸ் மார்க்சியானஸ். 42 டிகிரி, பிஎச் 4.8, யூரியா லிட்டருக்கு 1 கிராம். தொடக்கத்திலேயே நைட்ரஜன் ஊதி மூடிவிடுகிறோம். ஆரம்பத்தில் நுரை பொங்க ஓடுகிறது, லிட்டருக்கு 40 கிராம் எத்தனால் வந்ததும் நின்றுவிடுகிறது. 65 கிராம் சர்க்கரை அப்படியே கிடக்கிறது. புது ஈஸ்ட் போட்டாலும் நகரவில்லை. 45 டிகிரி தாண்டியும் வளரும் ஈஸ்ட்தானே இது?

நொதியன்: முதலில் கணக்கைப் பாருங்கள். தின்றது 95 கிராம். கிராமுக்கு 0.511 வீதம் அதிகபட்சம் 48.5 கிராம் எத்தனால் வரலாம், உங்களுக்கு 40 வந்திருக்கிறது, 82 சதவீதம். தின்ற சர்க்கரையை ஈஸ்ட் ஒழுங்காகத்தான் மாற்றியிருக்கிறது, பிறகு நின்றிருக்கிறது. மிச்ச சர்க்கரையை ஃபெலிங் ரசாயனச் சோதனையில் பார்த்தீர்களா? மொலாசஸில் நொதிக்காத, ஆனால் ஃபெலிங்கில் சர்க்கரையாகவே காட்டும் பொருட்கள் உண்டு. முடிவில் பிஎச் என்ன, செத்த செல்லை நீலமாக்கும் மெத்திலீன் ப்ளூ சாயம் என்ன காட்டுகிறது, இனாக்குலம் (தொடக்கத்தில் போடும் ஈஸ்ட் வளர்ப்பு) எப்படி வளர்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பாகு_லேப்: எச்பிஎல்சி (சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) அளவு சார். பிஎச் 4.6. செல்களில் பாதிக்கு மேல் நீலம். இனாக்குலம் 5 சதவீதம், அதையும் மூடித்தான் வளர்த்தோம்.

நொதியன்: பிஎச் சரியவில்லை, ஆகவே அமிலம் சுரக்கும் லாக்டிக் பாக்டீரியா மேல் பெரிய சந்தேகமில்லை. நீலம் என்றால் செல் செத்திருக்கிறது. 45 டிகிரி என்பது ஆல்கஹால் இல்லாத தட்டில் பார்க்கும் வளர்ச்சி. சூடும் ஆல்கஹாலும் சேர்ந்தால் கதை வேறு: இரண்டும் செல்சவ்வை ஒரே பக்கமாகத் தளர்த்துகின்றன. சவ்வை இறுக்கிப் பிடிப்பது எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு, அதைச் செய்ய ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். இனாக்குலத்திலிருந்தே நீங்கள் காற்றை அடைத்துவிட்டீர்கள். புது ஈஸ்ட்டும் அதே பட்டினியோடு 5 சதவீத ஆல்கஹாலுக்குள் விழுகிறது.

உறுதிசெய்ய 250 மில்லி குடுவைகளில் அதே வாஷைப் பிரியுங்கள்: ஒன்று இப்போதுள்ளபடி, ஒன்று 35 டிகிரியில், ஒன்றில் காற்றோடு வளர்த்த இனாக்குலம் போட்டு முதல் சில மணி நேரம் காற்று. மூன்றாவது குடுவை 40 கிராமைத் தாண்டிப் போனால் காற்றுக் குறைதான்.

வடிசாலை: நொதியன் சொன்னது சரி. ஃபெர்மென்டரில் செய்ய: இனாக்குலத்தைக் காற்றோடு வளர்த்து 10 சதவீதம் போடுங்கள். முதல் 6 மணி நேரம் நிமிடத்துக்கு 1.4 லிட்டர் காற்று, பிறகு நிறுத்துங்கள். தொடர்ந்து ஊதாதீர்கள், இது வழக்கமான சாராய ஈஸ்ட்டான சாக்கரோமைசஸ் மாதிரி இல்லை, காற்று தாராளமாக இருந்தால் சர்க்கரையை எத்தனாலாக்காமல் உடம்பு வளர்க்கவே செலவழிக்கும். சர்க்கரையை 90 கிராமில் தொடங்கி மீதியைச் சொட்டாக விடுங்கள். மொலாசஸில் பாஸ்பரஸ் குறைவு, டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்) லிட்டருக்கு அரை கிராம் சேருங்கள். வெளியேறும் வாயுக் குழாயில் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கண்டென்சர் கட்டாயம். 42 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு எத்தனாலையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த 82 சதவீதத்துக்கு மேல் வராத மிச்சத்தில் கொஞ்சம் அப்படிப் போயிருக்கலாம்.

பாகு_லேப்: கூலிங் தண்ணீரே 32-இல் வருகிறது. 35-க்கு எப்படி இறக்குவது?

வடிசாலை: முழு ஓட்டத்துக்கும் 35 வேண்டாம். சூடு கிளம்புவது நுரை பொங்கும் மணிகளில், அப்போது 40-இல் விடுங்கள். ஆல்கஹால் 3 சதவீதம் தாண்டியதும் ஓட்டம் மெதுவாகும், சூடும் குறையும். அப்போது 32 டிகிரி தண்ணீர் 36, 37-க்குப் பிடித்துவிடும். அதற்குப் பிறகும் 8 சதவீதம் வேண்டுமென்றால் இந்த ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். வெப்பம் தாங்கும் சாக்கரோமைசஸை 37-இல் ஓட்டுங்கள். மார்க்சியானஸ் தன் பலத்தைக் காட்டுவது பால் வேயிலும் (பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீர்), நார்ப்பொருளைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் நொதியோடு சேர்த்து வைக்கோலை 42-இல் நொதிக்கும் வேலையிலும்தான். அங்கே ஆல்கஹால் 4, 5 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம்.