நேரமுத்திரையா, நேரமிடலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> லினக்ஸ் வலையமைப்புக் குறிப்பு ஒன்றில் ‘பாக்கெட் டைம்ஸ்டாம்ப்பிங் ஓவர்ஹெட்’ என்று வருகிறது. ‘பொதி நேரமுத்திரை மேல்நிலை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

வலையமைப்பில் தரவு சிறுசிறு பொதிகளாகப் போய்வரும். ஒவ்வொரு பொதிக்கும் நேரம் குறிப்பதுதான் டைம்ஸ்டாம்ப்பிங், அதற்கு ஆகும் செலவுதான் ஓவர்ஹெட். கடைசிச் சொல்லில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. மேல்நிலை என்றதும் எனக்கு நீர்த்தேக்கத் தொட்டிதான் கண்முன் வருகிறது. இங்கே எதுவும் மேலே இல்லை. வேலைக்கு நடுவே கூடுதலாக ஆகும் செலவு, அவ்வளவுதான். கணக்குப்பதிவியல் பாடநூல்களில் மேற்செலவு என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

> மேற்செலவில் வணிகவியல் வாடை அடிக்கிறது. நகைக்கடைக்காரர்கள் சொல்லும் ‘சேதாரம்’ இன்னும் உயிரோடு இருக்கிறதே?

ரசித்தேன். ஆனால் சேதாரம் என்பது பொருளில் ஏற்படும் இழப்பு. நாம் பேசுவதோ உழைப்புக்கு ஆகும் செலவு. அந்த வழியில் போனால் செய்கூலி என்றுதான் சொல்லவேண்டும். பொதியோடு ஒட்டிக்கொண்டு வரும் தலைப்பு பைட்டுகளை யாராவது சேதாரம் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இந்த இடத்துக்கு மேற்செலவே போதும்.

பொதி நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம். பொட்டலம் என்றால் எனக்கு மிக்சர் ஞாபகம்தான் வரும்.

இனி நடுச்சொல். நேரமுத்திரை பெயர்ச்சொல்லாகப் பரவலாகவே இருக்கிறது. இலங்கையில் முத்திரை என்றாலே கடிதத்தில் ஒட்டும் அஞ்சல் தலை என்பது ஒரு சிறு சிக்கல். என் மறுப்பு அதைப் பற்றியது அல்ல. முத்திரை என்ற சொல் நம் கவனத்தைத் தவறான இடத்துக்கு இழுக்கிறது.

ஒரு அலுவலகத்தின் தபால் பிரிவை எண்ணிப் பாருங்கள். வரும் கடிதம் ஒவ்வொன்றிலும் வந்த நேரத்தைக் குறிக்கவேண்டும். எழுத்தரிடம் கைக்கடிகாரம் இல்லை, கடிகாரம் பக்கத்து அறையில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவர் நாளைத் தின்பது முத்திரை குத்தும் வேலையா, அந்த நடையா?

இயக்குதளத்தின் உட்கருவான கெர்னலிலும் இதே கதைதான். பொதியோடு பயணிக்கும் கட்டமைப்பில் 64 பிட் நேரத்தை எழுதிவைப்பது ஒன்றுமே இல்லை. கடிகாரத்தைப் படிப்பதுதான் செலவு. டிஎஸ்சி என்ற சுழற்சி எண்ணி செயலிக்குள்ளேயே இருப்பதால் அதைப் படிக்கச் சில பத்துச் சுழற்சிகள் போதும். பழைய இயந்திரங்களில் டிஎஸ்சியை நம்ப முடியாதபோது கெர்னல் செயலிக்கு வெளியே இருக்கும் ஏசிபிஐ பிஎம் டைமர் என்ற கடிகாரத்துக்குப் போகும். அது 3.579545 மெகாஹெர்ட்சில் ஓடுவது. அதைப் படிக்கச் செயலி தன் எல்லையைத் தாண்டி உள்ளீட்டு-வெளியீட்டு வாயில் வரை போய்வரவேண்டும், ஒரு மைக்ரோநொடியை ஒட்டிப் போய்விடும். சில சிப்செட்டுகளில் ஒருமுறை படித்த எண்ணை நம்ப முடியாது என்பதால் மூன்று முறை படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு.

இப்போது பொதிகளின் வரவைப் பாருங்கள். ஒரு கிகாபிட் இணைப்பில், கம்பியில் பொதியைச் சுமந்துவரும் 64 பைட் சட்டகங்கள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 672 நானோநொடி. 10 கிகாபிட்டில் அது 67.2 நானோநொடியாகச் சுருங்கிவிடும். கடிகாரம் பார்க்கவே மைக்ரோநொடி போனால் மற்ற வேலைக்கு ஏது நேரம்?

> அதற்கென்ன, யார் கேட்கிறார்களோ அவர்களுடைய பொதிக்கு மட்டும் நேரம் குறித்தால் போயிற்றே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முடியாது. பொதி உள்ளே நுழையும்போது அது யாருக்கு என்று கெர்னலுக்குத் தெரியாது. ஐபி, டிசிபி நெறிமுறை அடுக்குகளைத் தாண்டி, உரிய நிரலின் இணைப்புமுனையான சாக்கெட்டைக் கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்திருக்கும், அப்போது குறித்துப் பயனில்லை. ஆகவே வாசலில் எல்லாவற்றுக்கும் குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் எதற்கும் குறிக்கக்கூடாது. லினக்ஸ் 2.4 எல்லாவற்றுக்கும் குறித்தது. பிறகு, கேட்பவர்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, அது சுழியாக இருந்தால் கடிகாரத்தின் பக்கமே போகாமல் இருக்கும் வழி வந்தது. 2011இல் அந்தச் சோதனையையும் ஜம்ப் லேபிள் முறைக்கு மாற்றினார்கள். யாரும் கேட்காதவரை அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஆணை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒருவர் கேட்டதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே அது தாவல் ஆணையாக மாற்றி எழுதப்படும்.

ஆக, ஒரே ஒரு நிரல் நேரம் கேட்டாலும் இயந்திரத்துக்குள் வரும் அத்தனை பொதியும் அந்தச் செலவைச் சுமக்கும். விருந்தாளி ஒருவர் காபி கேட்டதற்காகத் தெருவுக்கே காபி போட்ட மாதிரி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் சோதனைக்காக, பொதிகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓடவிட்டு மறந்துபோனார். வேகம் ஏன் குறைந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பொதிகளைப் படியெடுக்கும் செலவும் அதில் உண்டு, முழுப் பழியையும் கடிகாரத்தின் மேல் போடமாட்டேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முத்திரையை விட்டுவிட்டு ‘இடு’ என்ற துணைவினையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. பெயரிடு, எண்ணிடு, தேதியிடு என்பது போல நேரமிடு. அரசுக் கடிதங்களில் ‘12.3.2019 நாளிட்ட’ என்று எழுதுகிறோமே, அதே வார்ப்பு. வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

‘வரும் பொதிகளுக்கு நேரமிடுவதைக் கெர்னல் நிறுத்திவைக்கிறது.’
‘நேரமிட்ட பொதி, நேரமிடாத பொதி.’
‘நேரமிடல் மேற்செலவைக் குறைத்தல்.’

முத்திரையை வைத்து இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் ‘நேரமுத்திரையிடப்படாத பொதி’ என்று வரும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

> அப்படியானால் நேரமுத்திரையைக் கைவிடுவதா? ஏற்கெனவே எத்தனையோ இடைமுகங்களில் இருக்கிறதே.

கைவிடவேண்டாம். பொதியில் பதிந்திருக்கும் அந்த மதிப்பு நேரமுத்திரையாகவே இருக்கட்டும். செயல் மட்டும் நேரமிடல்.

இன்னொன்று, இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஆங்கிலத்தில் டைம்ஸ்டாம்ப் என்று ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன. டிசிபி தலைப்புக்குள் ஒன்று இருக்கிறது, 1992ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வந்தது. அது மணி காட்டுவதே இல்லை. அனுப்பியவர் வைத்த எண்ணை எதிர்முனை திருப்பி அனுப்பும், போய்வர ஆன நேரத்தை அதிலிருந்து கணக்கிடுவார்கள். இன்னொன்று, கெர்னல் தன் கட்டமைப்பில் வந்த நேரத்தை எழுதிவைக்கும் புலம். லினக்ஸின் பிற்காலப் பதிப்புகளில், பொதி எப்போது புறப்படலாம் என்பதைக் குறிக்கவும் அதே புலத்தைப் பயன்படுத்துகிறார்கள். வந்த நேரமும் புறப்படவேண்டிய நேரமும் ஒரே பெட்டியில். தமிழிலாவது பிரித்துவிடலாம்: டிசிபியில் இருப்பது எதிரொலி எண், மற்றது புறப்பாட்டு நேரம்.

வந்த நேரம் என்பதிலும் ஒரு நெருடல். மென்பொருள் குறிப்பது பொதி கம்பியில் வந்த நேரத்தை அல்ல, கெர்னல் அதைக் கண்ட நேரத்தை. வலையட்டை பல பொதிகளைச் சேர்த்துவைத்து ஒரே குறுக்கீட்டில், அதாவது செயலியை ஒரே ஒருமுறை இடைமறித்து, சொல்லும். போதாததற்கு, லினக்ஸில் நெட்டெவ் டிஸ்டாம்ப் ப்ரீக்யூ என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 0 ஆக்கினால் பொதிகளைச் செயலிகளுக்குப் பங்கிட்ட பிறகுதான் நேரமிடும். சுமை பரவும், ஆனால் வரிசையில் காத்திருந்த நேரமும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே வலையட்டையே தன் கடிகாரத்தால் இடுவது வந்த நேரம், கெர்னல் இடுவது கண்ட நேரம். இரண்டும் எளிய சொற்கள், புதிதாக எதையும் சமைக்கவில்லை.

> துல்லியம் குறைந்த கடிகாரத்தை என்ன சொல்வது? ‘கரடுமுரடுக் கடிகாரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஐயோ. பரும்படி இருக்கிறதே! பரும்படிக் கடிகாரம், நுண்கடிகாரம். எழுத்தருக்கு யாரோ அவ்வப்போது வந்து மணி சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவர் அதையே எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறார், அதுதான் பரும்படி. நொடிக்கு 250 துடிப்பு உள்ள கெர்னலில் 4 மில்லிநொடி வரை பிசகும். ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தில் பொதிகளைப் பிடிக்கும்போது இப்படி மலிவான நேரமே போதும் என்று கேட்டுப் பெறலாம். பதிவேட்டுக்குப் போதும், தாமதத்தை அளக்கப் போதாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஜம்ப் லேபிளுக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதற்குள் யாரும் ‘தாவல் சிட்டை’ என்று கையேட்டில் ஏற்றிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.